சாவுக்கென்று எடுத்து வைத்த படம்

சூசையம்மாள் தன் சாவுக்கென்று ஒரு படம் எடுத்து வைத்திருந்தாள். பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில், ஜெபமாலையோடு சேர்த்து ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் அது இருந்தது. முப்பது வயதில் சிக்கந்தராபாத் ஸ்டுடியோ ஒன்றில் எடுத்தது. நேராகப் பார்க்கிற கண், இழுத்து வாரிய தலை, காதில் ஏழுகல் கம்மல், வெறும் நெற்றி. நினைவு அட்டைக்கும் இதுதான், கல்லறைக்கும் இதுதான், சுருங்கிப்போன மூஞ்சியோடு ஆண்டவரிடம் போகமாட்டேன் என்று மகளிடம் சொல்லிவைத்திருந்தாள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது ஞாபகப்படுத்துவாள்.

நான் சொல்ல வந்தது அந்த மகள் ஆரோக்கியமேரியைப் பற்றி. ஆனாலும் படத்தில்தான் தொடங்கவேண்டியிருக்கிறது. எல்லாம் அதனால் வந்த வினை.

மேரியக்காவுக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. சிக்கந்தராபாத் பக்கம் ஹப்சிகுடாவில் அவர் கடைக்கு மேல்மாடியில் நான் குடிவந்தபோது வாடகை பேசியதே நடந்துகொண்டுதான். பேசிக்கொண்டே ஷட்டருக்கு எண்ணெய் விட்டார், எதிர்க்கடைப் பலகையில் எழுத்து கோணல் என்று திட்டினார், நடுவில் டீக்காரனை அதட்டினார். சாப்பிடுவதுகூட நின்றபடிதான், தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு. திருநெல்வேலியிலிருந்து வந்து ஊரின் மறுகோடியில் கம்ப்யூட்டர் முன்னால் அசையாமல் உட்கார்ந்தே முதுகு வளைந்துபோன எனக்கு அவரைப் பார்த்தாலே மூச்சு வாங்கும்.

அக்காவின் அப்பா லாலாகுடா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். அம்மா பொன்மலையிலிருந்து கல்யாணமாகி வந்தவள். மேரியக்கா பிறந்தது, வளர்ந்தது, பள்ளிக்கூடம் போனது, காதலித்தது எல்லாம் மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில். அந்தக் காதலின் பலனான புருஷன் ஃபெலிக்ஸ் மஸ்கட்டில் கிரேன் ஓட்டிக்கொண்டு, நினைத்தால் போன் பண்ணுவார். பிள்ளை இல்லை. தொண்ணூற்றெட்டில் ஊரெல்லாம் கம்ப்யூட்டர் பைத்தியம் பிடித்து ஆடியபோது அக்காவும் ஒன்று வாங்கி, டிசைன் கற்றுக்கொண்டு 'மேரி கிராஃபிக்ஸ்' தொடங்கினார். ஆரம்பத்தில் கோர்ஸ் நடத்துகிறவர்களின் நோட்டீஸ், லேடீஸ் ஹாஸ்டல் போர்டு, அப்புறம் கல்யாணப் பத்திரிகை, அப்புறம் ஃப்ளெக்ஸ் வந்தது. ஃப்ளெக்ஸ் வந்தபிறகு செத்தவன், பிறந்தவன், ஜெயித்தவன், தோற்றவன் எல்லாருக்கும் மேரியக்கா முகம் கொடுத்தார். கண் மூடிய போட்டோவில் கண்ணைத் திறந்துவைப்பார். போட்டோவே இல்லாமல் செத்துப்போன அப்பனுக்கு அண்ணன் நெற்றியையும் தம்பி வாயையும் எடுத்து ஒட்டி ஓர் அப்பனைச் செய்து கொடுப்பார். வீட்டார் வாங்கிப் பார்த்து அழுவார்கள். அதைவிட வேறென்ன சான்றிதழ் வேண்டும் என்பார்.

இரண்டாயிரத்து ஒன்பது டிசம்பரில் ஆந்திராவிலிருந்து பிரியக் கேட்கிற தனி மாநிலப் போராட்டம் சூடுபிடித்தது. யூனிவர்சிட்டி பக்கம் தினமும் கண்ணீர்ப்புகை. தார்நாகாவில் பஸ் ஓடினால் அன்று பண்டிகை. ஒவ்வொரு ஊர்க்காரரும் ஒரு கமிட்டி வைத்து, அந்த ஊரில் அந்தக் காலத்தில் ஜமீன்தார்களை எதிர்த்துப் போராடிச் செத்தவரின் முகத்தை ஃப்ளெக்ஸில் போட்டு ஊர்வலம் போனார்கள். அக்கா கடை மெஷின் ஆறவேயில்லை.

அப்போதுதான் யாதகிரி வந்தார். குஷாய்குடா டிப்போவில் பஸ் கண்டக்டர், சொந்த ஊர் நல்கொண்டா பக்கம். அவர் ஊரில் பாலம்மா என்று ஒருத்தி. ஜமீன்தார் ஆட்கள் களத்து நெல்லை அள்ளிக்கொண்டு போக வந்தபோது குவியல் மேல் ஏறி நின்று இறங்கமாட்டேன் என்றவள். அங்கேயே அடித்துக் கொன்றார்கள். படம் கிடையாது. பெயரை மட்டும் பெரிதாய் எழுதி ஒரு ஃப்ளெக்ஸ் போட்டுப் பார்த்தார்களாம், ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்து ஊர்க்காரர்கள் மீசை வைத்த தியாகி படத்தோடு போகும்போது எங்களுக்கு அசிங்கமாக இருக்கிறது என்று யாதகிரி நொந்துகொண்டார். சாயங்காலம் ஊர்வலம். அதற்குள் பாலம்மாவுக்கு ஒரு முகம் வேண்டும்.

அக்கா வரைந்து பார்த்தார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. கம்ப்யூட்டரில் இருந்த பெண் முகங்களையெல்லாம் புரட்டினார், எல்லாம் புடவைக்கடை விளம்பரத்துக்குச் சிரிக்கிற மூஞ்சிகள். நேராகப் பார்க்கிற, சிரிக்காத, எதற்கும் இறங்கிவராத ஒரு பெண் வேண்டும். கடைக்குள் இங்குமங்கும் நடந்தவர் சட்டென்று அம்மாவோடு குடியிருந்த பின்கட்டுக்குப் போனார். சூசையம்மாள் சர்ச்சுக்குப் போயிருந்த நேரம். பீரோவிலிருந்து பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தார்.

அன்றைக்கு எனக்கு விடுமுறை. கூடவே நின்று பார்த்தேன். முதலில் கம்மலை அழித்தார். வெறும் நெற்றியில் காலணா அளவுக்குப் பொட்டு வைத்தார். பட்டுப்புடவை போய் நாட்டுப்புடவை வந்தது. யாதகிரி பார்த்துவிட்டு, ரொம்பப் புதுசாக இருக்கிறது, அந்தக் காலத்திலேயே அச்சடித்தது போல வேண்டும் என்றார். அக்கா போட்டோவின் நிழலையெல்லாம் கோடுகோடாக மாற்றினார், பழைய புத்தகங்களில் இருக்குமே அந்த மாதிரி. காகிதத்துக்குப் பழுப்பேற்றி, ஒரு மூலையில் கறையான் தின்ன ஓட்டை வைத்து, கீழே 1948 என்று சின்னதாகப் போட்டார். ஏன் நாற்பத்தெட்டு என்று கேட்டேன். அதுதான் பொருத்தமாக இருந்தது என்றார். தன் வேலையை அவரே தள்ளி நின்று பார்த்துச் சந்தோஷப்பட்டார். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். வேலை முடிந்ததும் உறையை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். அம்மாவிடம் மூச்சுவிடவில்லை.

அடுத்த வாரம் யாதகிரி ஒரு கிழவியைக் கூட்டிவந்தார். ராஜவ்வ என்று பெயர், பாலம்மாவின் கூடப்பிறந்த தங்கை. பாலம்மா செத்தபோது இவளுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். இப்போது குஷாய்குடாவில் மகன் வீட்டில் இருக்கிறாள். படத்தைக் கண்ணருகே வைத்துப் பார்த்துவிட்டு, இது எங்கள் அக்கா இல்லை என்று தெலுங்கில் சொன்னாள். எங்கள் அக்காவுக்கு முகம் முழுக்க அம்மைத் தழும்பு, மூக்கு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், இந்தம்மா யாரோ பெரிய வீட்டுப் பெண் என்றாள். மேரியக்காவுக்குத் தொழில் ரோஷம் வந்துவிட்டது. தழும்பு வைக்கிறேன், மூக்கைச் சாய்க்கிறேன், பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள் என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். யாதகிரி குறுக்கே வந்தார்.

"நக்கோ, வேணாம் மேரியக்கா. தழும்பு மூஞ்சிக்கு எவன் கும்பிடு போடுவான்? இதே இருக்கட்டும்."

ராஜவ்வுக்கு ஒரு பிரதி கொடுத்தார்கள். மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டாள்.

அதன்பிறகு அந்தப் படம் போன வேகத்துக்கு நாங்கள் யாரும் ஈடுகொடுக்க முடியவில்லை. அடுத்த வருஷம் ஆட்டோ முதுகில் வந்தது. காலண்டரில் வந்தது. சட்டையில் குத்துகிற பேட்ஜில், சுவரில், குட்டிப் புத்தகத்தின் அட்டையில் வந்தது. அக்காவிடம் யாரும் கேட்கவில்லை, கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை. அது அந்தக் காலத்துப் படமாயிற்றே. ஒரு டிவி சேனலில் அந்நாளில் ரகசியமாக அச்சடித்து ஊர் ஊராகக் கொடுத்த படம் என்று அதைக் காட்டி, கறையான் ஓட்டையைக்கூடப் பெரிதாக்கிக் காட்டினார்கள். அக்கா டிவியை அணைத்துவிட்டு வாசலுக்கும் கல்லாவுக்குமாக நடந்தார்.

"அந்த ஓட்டை நான் போட்டது தம்பி" என்றார். அவர் குரலில் பெருமை பாதி, பயம் பாதி.

சூசையம்மாள் அதைப் பார்த்தது பஸ் ஜன்னல் வழியாக. தார்நாகா சிக்னலில் ஆளுயரத்துக்கு மூன்று மடங்கில் நின்றிருந்தாள், அவளே. சர்ச்சுக்குப் போகாமல் இறங்கித் திரும்பி நேராகக் கடைக்கு வந்தாள். நானும் அங்கே இருந்தேன். சத்தம் போடப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்டது வேறு.

"என் கம்மல் எங்கடி?"

அந்தக் கம்மல், அவள் புருஷன் ஓவர்டைம் பார்த்து வாங்கிக் கொடுத்தது, பிறகு அக்காவின் கல்யாணத்துக்கே அழிந்தது. படத்தில் மட்டும்தான் மிச்சம். சூசையம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள், பொட்டு அங்கேதான் இருக்கிறது என்பதுபோல. பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அது என் சாவுக்கு வெச்சிருந்தது. உயிரோட இருக்கையிலேயே என்னை செத்தவளாக்கி ரோட்டுல நிறுத்திட்டியே."

ஆனால் மனுஷ மனம் ஒரே பாதையில் போவதில்லை. அந்த வாரம் முழுக்க மகளோடு பேசாத கிழவி, அடுத்த மாதம் தார்நாகா வழியாகவே போகவேண்டும் என்று அடம்பிடித்தாள். யாரோ மாலை போட்டிருக்கிறார்கள் என்று வந்து சொன்னாள். தேங்காய் உடைத்திருக்கிறார்கள் என்றாள். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதைச் சொல்லவேண்டுமா வேண்டாமா என்று என்னிடமே யோசனை கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. நான் சிரித்தது அவளுக்குப் பிடிக்கவில்லை.

பதினொன்றாம் வருஷம் மார்ச்சில் டேங்க் பண்ட் ஏரிக்கரையில் ஆந்திராப் பெரியவர்களின் சிலைகளை உடைத்து ஏரியில் தள்ளினார்கள். ஊரே கொதித்தது. ஆந்திரா என்று பெயர் வைத்த கடைகளெல்லாம் ராத்திரியோடு ராத்திரியாகப் பலகையில் அந்த எழுத்துகளின் மேல் பெயின்ட் அடித்துக்கொண்டன. அந்த வாரத்தில் ஒரு காலை, தார்நாகா பாலம்மாவின் முகத்தில் யாரோ சாணி அடித்திருந்தார்கள். எதிர்க்கட்சியா, இவர்களுக்குள்ளேயே வேறு கோஷ்டியா, தெரியவில்லை. சூசையம்மாள் அன்று பார்த்துவிட்டு வந்து வாளி வாளியாகத் தண்ணீர் மொண்டு தன் முகத்தைக் கழுவினாள். அக்கா தடுக்கத் தடுக்கக் கழுவினாள்.

"யார் மூஞ்சியில அடிச்சாங்க மேரி? அவ மூஞ்சியிலயா, என் மூஞ்சியிலயா?"

அன்றே அக்கா யாதகிரியைத் தேடிப் போனார், நான்தான் பைக்கில் கொண்டுபோய் விட்டேன். இது என் அம்மா படம், எடுத்துவிடுங்கள், வேறு நல்ல படம் நானே போட்டுத்தருகிறேன் என்று டிப்போ வாசலில் நின்று கெஞ்சினார். யாதகிரி கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் ஊர்க்காரர்கள் நாலுபேர் கூட நின்றார்கள், சட்டையில் பேட்ஜ் வேறு. ஊரில் அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நின்று பெண்கள் சபதம் எடுக்கிறார்கள், அதைப் போய்ப் பொய் என்று சொல்லட்டுமா என்று கேட்டார். பிறகு குரலை உயர்த்தினார்.

"நீங்க தமிழ்க்காரங்க. உங்களுக்கு இதெல்லாம் புரியாது."

மெட்டுகுடாவில் பிறந்த பெண்ணிடம் இதைச் சொல்லும்போது அவர் நெஞ்சில் பேட்ஜில் இருந்தது பொன்மலைப் பெண்ணின் முகம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அக்கா மட்டும் பேட்ஜையே பார்த்துக்கொண்டு நின்றார். வீடு வரும்வரை பைக்கின் பின்னால் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டே வந்தார், வண்டி தள்ளாடியது.

சூசையம்மாள் அடுத்த வருஷம் ஜூனில், முதல் மழை பெய்த அன்று, தூக்கத்தில் போனாள். போலாரம் கல்லறையில் புருஷனுக்குப் பக்கத்தில் அடக்கம். முப்பதாம் நாள் பூசைக்கு அக்கா நினைவு அட்டை அடித்தார். கேட்டபடியே அந்தப் படம்தான், கம்மலோடு, வெறும் நெற்றியோடு, ஒரு கோடுகூடத் தொடாமல். சர்ச் வாசலில் நின்று ஒவ்வொருவருக்கும் கொடுத்தார். வாங்கியவர்களில் பலர் ஒரு கணம் தயங்கினார்கள். கடைசியில் பாட்டுக்குழுவில் பாடும் மைதிலி என்கிற பெண், பக்கத்துத் தெருக்காரி, நல்ல மனசோடுதான் கேட்டாள். ஆன்ட்டி, கார்டுல பாலம்மா போட்டோ போட்டிருக்கீங்க, பாட்டி போட்டோ இல்லையா என்று.

அக்கா மிச்ச அட்டைகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். பூசைக்குக்கூட நிற்கவில்லை.

தும்பை விட்டு வாலைப் பிடிப்பது என்பார்களே, அதன்பிறகு அக்கா செய்ததெல்லாம் அதுதான். அச்சடித்தவர்களைத் தேடினார். சேனலுக்குப் போன் போட்டார். பழைய போட்டோவைக் காட்டினால், அட, அசல் பாலம்மா போலவே இருக்கிறார்களே உங்கள் அம்மா என்று வியந்தார்கள். தூங்குவதில்லை, தின்பதில்லை. ஒரு நாள் என் கதவைத் தட்டி, ராஜவ்வ இருக்காங்க தம்பி என்றார். ஆமாம், அவள் ஒருத்திதானே உண்மையான பாலம்மாவைப் பார்த்தவள். அன்றைக்கே மறுத்தவள். அவள் வாயால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அம்மா முகம் அம்மாவுக்குத் திரும்பிவிடும். அக்காவின் முகத்தில் ரொம்ப நாளைக்குப் பிறகு ஒரு தெளிவு இருந்தது.

குஷாய்குடாவில் அந்த வீட்டைக் கண்டுபிடித்துப் போனோம். சுவரில், சாமி படங்களுக்கு நடுவே, சட்டம் போட்டு பாலம்மா இருந்தாள். செம்பருத்தி செருகியிருந்தது. ராஜவ்வுக்குப் பார்வை மங்கியிருந்தது, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசினாள். அக்கா வந்த விஷயத்தைச் சொன்னார். அன்றைக்குச் சொன்னீர்களே, தழும்பு, சாய்ந்த மூக்கு, அதை நாலுபேர் முன்னால் சொல்லுங்கள் என்று கேட்டார்.

கிழவிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எங்கள் அக்காவுக்கா தழும்பு என்றாள். தழும்பு எங்கள் அத்தைக்கு இருந்திருக்கும். அக்கா லட்சுமிகரமான முகம், இதோ இருக்கிறாளே, இதே கண்ணால்தான் அன்றைக்கு நெல் குவியல் மேலிருந்து என்னைப் பார்த்தாள், இதே பொட்டுதான் என்றாள். எழுந்து சுவரைத் தடவிப் போய்ப் படத்தின் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டுக்கொண்டாள். எத்தனையோ வருஷம் அக்கா முகம் ஞாபகத்துக்கு வராமல் தவித்தேன், நீதான் திருப்பிக் கொடுத்தாய், நீ நன்றாயிருப்பாய் என்று மேரியக்காவின் தலையில் கைவைத்தாள்.

பொய் சொல்கிற முகம் அல்ல அது. அதுதான் என்னை உலுக்கியது. தங்கை ஒருத்தியின் நெஞ்சில் மட்டும் அறுபது வருஷம் உயிரோடிருந்த அந்தத் தழும்பு முகத்தையும் நாங்கள் அன்று ஒரு பகலில் அழித்திருக்கிறோம். திரும்பும்போது அக்கா பைக்கில் ஏறமாட்டேன் என்றுவிட்டார். குஷாய்குடாவிலிருந்து ஹப்சிகுடா வரை நடந்தே வந்தார். நான் பைக்கைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தேன்.

அந்த நவம்பரில் கல்லறைத் திருநாள் வந்தது. அம்மாவின் படத்தைப் பீங்கானில் சுட்டு எடுத்துக் கல்லறைத் தலைமாட்டில் பதிக்க ஏற்பாடு செய்திருந்தார் அக்கா. கம்மலின் ஏழு கல்லும் எண்ணக்கூடிய மாதிரி வரவேண்டும் என்று மூன்று தடவை திருப்பி அனுப்பி வாங்கியது. உலகம் முழுக்க எந்த மூஞ்சியாகவோ இருந்துவிட்டுப் போகட்டும், இந்த ஒரு இடத்தில் அம்மா அம்மாவாக இருக்கட்டும் என்றார். போலாரத்தில் அன்று கல்லறைகளுக்கெல்லாம் வெள்ளையடித்திருந்தது. மெழுகுவர்த்தி, சாமந்தி, கூட்டம். மேடையைக் கழுவ வாளியில் தண்ணீர் எடுத்துவர இருவரும் குழாயடிக்குப் போனோம். அங்கே வரிசை.

திரும்பி வந்தபோது கல்லறை முன்னால் ஒரு பெண் கைகூப்பி நின்றிருந்தாள். வாசலில் பூ விற்கிறவள். கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பீங்கானுக்கு ஒரு முழம் சாமந்தி சாத்தியிருந்தாள். சூசையம்மாளின் வெறும் நெற்றியில் குங்குமம் வைத்திருந்தாள்.

பாலம்மா தாயி இங்கேதான் இருக்கிறாள் என்று இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்றாள் எங்களிடம்.

"இது எங்கம்மா" என்றார் மேரியக்கா. தெலுங்கில்தான் சொன்னார், நிதானமாக.

அந்தப் பெண் தலையாட்டினாள். "எங்களுக்கும் அம்மாதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு போனாள்.

அக்கா வாளியை வைத்தார். முந்தானையை நனைத்து, பீங்கானில் அந்தக் குங்குமத்தைத் துடைத்தார். ஓரத்தில் கொஞ்சம் ஒட்டியிருந்ததை நகத்தால் சுரண்டினார். சாமந்தியை எடுத்துக் காலடியில் வைத்தார். பிறகு இரண்டடி பின்னால் வந்து பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"தம்பி, அச்சு சரியாத்தானே வந்திருக்கு?"

சரியாகத்தான் இருந்தது. கம்மல், இழுத்து வாரிய தலை, நேராகப் பார்க்கிற கண், எல்லாம் அந்த ஸ்டுடியோ படம்தான். நான் ஆமாம் என்றேன்.

"அப்புறம் ஏன் எனக்கு யாரோ மாதிரித் தெரியுது?"

பொட்டில்லாத அந்த நெற்றி எனக்குமே அன்னியமாகத்தான் இருந்தது. மேரியக்கா, ஒரு வாய் சோற்றுக்குக்கூட உட்காராத மனுஷி, ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். விரல் நுனியில் குங்குமம் ஒட்டியிருந்தது. மெழுகுவர்த்தி கரைந்து தீரும்வரை பெற்ற தாயின் முகத்தைப் பார்த்தபடி, இது யார் என்று தேடிக்கொண்டிருந்தார்.